பட்ஜெட் நைனாவின் பற்றாக்குறை

இந்த நாட்டில் ஒரு பைசா பற்றாக்குறை இல்லாமல் பதினோரு வருஷம் நிதி நிர்வாகம் செய்த ஒரே ஆள், தண்டையார்பேட்டையில் எங்கள் ஏ பிளாக்கின் மூன்றாவது மாடியில், கட்டம் போட்ட கைலியும் கை வைத்த பனியனுமாகக் குடியிருக்கிறார். டெல்லிக்காரர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் விமானம் அனுப்பி அழைத்துப் போயிருப்பார்கள். நாங்களும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்போம்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது மாதா கோயில் பதிவேட்டுக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். எங்களுக்கு அவர் பட்ஜெட் நைனா. அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவே, "பட்ஜெட்டு சாப்ட வர்தா, இல்ல மூடி வச்சிடவா?" என்றுதான் மாடியில் இருந்து குரல் கொடுப்பார்.

நைனா ஹார்பரில் முப்பத்திரண்டு வருஷம் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது அந்த வேலை. நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. இறங்கியதும் லாரியில் ஏறியதும் ஒத்துப்போகாவிட்டால் ஒருவரும் நகர முடியாது. ஒரு மூட்டை சர்க்கரை குறைந்ததற்காக ஒரு கப்பலையே மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தேன் என்பார். கப்பல் அன்றைக்குத் தானாகவே பழுதாகி நின்றிருந்தது என்பார்கள் அவருடைய தோஸ்துகள். எப்படியோ, வந்ததும் போனதும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர் மனதில் பைபிள் வசனத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

கடன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. தெருமுனைக் கடையில் சில்லறை இல்லை என்று கடைக்காரர், "அப்பால குடு நைனா" என்றால், வாங்கிய தீப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு பிரிட்ஜ் வாங்க ஏழு வருஷம் பணம் சேர்த்தார். சேர்ந்து முடிந்தபோது அவர் பார்த்து வைத்த பிரிட்ஜைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. அந்த ஏழு வருஷமும் ஸ்டெல்லா அக்கா ஜில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் காசிமேட்டில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்த்தான் குடித்தார்.

மத்திய பட்ஜெட் நாள் அவருக்கு கிறிஸ்துமஸ் மாதிரி. காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிவி முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். கதவு திறந்தே இருக்கும். நாங்களும் போய் உட்காருவோம். டிவியில் பேசுகிறவர் கடைசியில் நிதிப் பற்றாக்குறை இவ்வளவு என்று வாசிக்கும்போது, நைனா தலையில் கை வைத்துக்கொள்வார்.

"நாலு ரூபா வரவு, ஆறு ரூபா செலவு. மீதி ரெண்டு ரூபா இன்னா வானத்துலேர்ந்தா கொட்டும்? கெவுருமெண்டா இது? நம்ம ஸ்டெல்லா கைல குடுத்தா மீத்தி வச்சிருப்பா!"

"என் கைல இன்னிக்கு வரிக்கும் இன்னா குடுத்த நீ?" என்பார் ஸ்டெல்லா அக்கா அடுப்படியில் இருந்து.

நைனா ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் பதவி அவரைத் தேடி வந்தது. அதாவது, வேறு யாரும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. தரைத்தளத்தோடு சேர்த்து நாலு தளம், தளத்துக்கு நாலாகப் பதினாறு வீடு. வீட்டுக்கு மாதம் இருநூறு ரூபாய். அதற்குள் தண்ணீர் மோட்டாருக்குக் கரண்ட், மாடிப்படி பல்பு, கழிவுநீர் லாரி எல்லாம் முடிய வேண்டும். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் என்னை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காகச் செயலாளர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அவருக்கு நான் செக்ரட்ரிமா.

பதவி ஏற்ற கையோடு நைனா வரி போட ஆரம்பித்தார். மாடிப்படிக்கு அடியில் பைக் நிறுத்தினால் மாதம் இருபது. வாசலில் பந்தல் போட்டால் கல்யாணத்துக்கு நூறு, காதுகுத்துக்கு ஐம்பது. மொட்டை மாடியில் எதைக் காயப் போட்டாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு காயவைப்பு வரி. ஸ்டெல்லா அக்கா அறிவிக்காமல் வடாம் காயப் போட்டபோது, நைனா தன் வீட்டுக் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டினார். அன்றைக்கு அவருக்கு வெறும் சோறு மட்டும் தட்டில் வந்தது. "துட்டு வரியா போய்ட்ச்சு. கொயம்புல துண்டு வுயுந்திட்ச்சு" என்றார் ஸ்டெல்லா அக்கா. நைனா தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். நோட்டீசை எடுக்கவில்லை.

காயவைப்பு வரியில் முக்கால்வாசி வரவேண்டியது கன்னியம்மாவிடம் இருந்து. தரைத்தளத்தில் முதல் வீடு அவருடையது. கருவாட்டு வியாபாரம், கூடவே ஒரு மகளிர் குழுவுக்குத் தலைவி. குரலை வைத்தே மீனின் தோலை உரிக்கக் கூடியவர். வரி வந்த மறுநாளே கன்னியம்மா தன் கருவாட்டையெல்லாம் பக்கத்து பி பிளாக் மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டார். அங்கே வரி கிடையாது. தினம் நாலு கருவாடு கொடுத்தால் போதும். ஏ பிளாக்கின் வருமானம் ஒரே நாளில் படுத்துவிட்டது. பணக்காரர்கள் பணத்தை வெளிநாட்டில் பதுக்குகிறார்கள் என்று பேப்பரில் படித்தால் அன்றெல்லாம் எனக்கு வாளைக் கருவாடுதான் ஞாபகம் வரும்.

நைனா விடவில்லை. சலுகை அறிவித்தார். நெத்திலிக்கு வரி விலக்கு, பெரிய மீனுக்கு மட்டும் வரி. கருவாடு ஏ பிளாக்குக்குத் திரும்பியது. ஆனால் அத்தனையும் நெத்திலி என்று கணக்குக் காட்டப்பட்டது. நைனா மரஸ்கேலை எடுத்துக்கொண்டு சோதனைக்கு மாடி ஏறினார். நான் மினிட்ஸ் புத்தகத்தோடு பின்னால் போனேன்.

முழ நீளத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இன்னா கன்னியம்மா இது?" என்றார்.

"நெத்திலி."

"இதா?"

"கொஞ்சம் வளந்த நெத்திலி நைனா. நல்லா சாப்ட்டுக்கீது."

இந்தச் சண்டைகளில் அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டார். வரி போடப்போவது முன்கூட்டியே தெரிந்தால் ஜனங்கள் உஷாராகிவிடுகிறார்கள். பைக் வரி வருவதற்கு முந்தின நாளே எல்லா பைக்கும் பி பிளாக்குக்குப் போனது இப்படித்தான். டெல்லியில் பட்ஜெட்டுக்கு முன்னால் அல்வா கிண்டித் தின்றுவிட்டு, அதிகாரிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று டிவியில் காட்டினார்கள். நைனா எழுந்து நின்று பார்த்தார். அதற்கு அடுத்த பட்ஜெட்டில் இருந்து எங்கள் பிளாக்கிலும் அந்த வழக்கம் வந்தது.

அல்வாவுக்கு நிதி இல்லை என்பதால் கேசரி. ஆளுக்கு ஒரு கரண்டி. பிறகு நைனா பைலையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு, தரைத்தளத்தில் இருக்கும் மோட்டார் ரூமுக்குள் போவார். நான் வெளியே பூட்டி, சாவியை என் கைப்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்து, கூட்டம் தொடங்கும்போதுதான் திறக்கலாம். சாப்பாடு ஜன்னல் கம்பி வழியாகப் போகும். பேச்சுக் கூடாது. பழைய வாட்ச்மேனுக்காக அந்த அறைக்குள்ளேயே ஒரு கக்கூஸ் கட்டியிருந்ததால் ஜனநாயகம் காப்பாற்றப்பட்டது.

இப்படியே வருஷங்கள் போயின. ஒவ்வொரு வருஷமும் வரவும் செலவும் சமம். சில வருஷம் நானூறு, ஐந்நூறு மீதி கூட வரும். அதை உபரி என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எங்கள் பிளாக்குக்கு உபரி ஒரு பக்கம் இருக்க, தண்ணீர் ஒரு பக்கம் இருந்தது. தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் கட்டடம் பள்ளத்துக்குள் போய்விட்டது. ஐப்பசி கார்த்திகை மழையில் சாக்கடையும் மழைநீரும் சேர்ந்து தரைத்தளத்துக்குள் முழங்கால் வரைக்கும் வரும். கன்னியம்மாவின் கணவர் முனுசாமி ஹார்பரில் மூட்டை தூக்கியவர். கையும் காலும் ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடந்தார். தண்ணீர் வந்தால் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டுபோய், முதல் மாடி நடையில் வைப்பார்கள். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனால் மூன்று நாளும் அவர் நடையில்தான். ஏறி இறங்குகிற எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு போவோம். நைனாவும், "ஒடம்ப பாத்துக்கோ முனுசாமி" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு ஏறிப் போவார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் நடந்த பொதுக்கூட்டத்தில் கன்னியம்மா எழுந்து நின்றார். வாசலில் ஒரு தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், தண்ணீரை இறைத்து வெளியே தள்ள ஒரு பெரிய மோட்டார் வாங்க வேண்டும், எல்லாம் முப்பத்து நாலாயிரத்தில் முடியும் என்றார்.

"துட்டு?" என்றார் நைனா.

"எங்க குரூப்புல லோன் தரோம். வூட்டுக்கு மாசம் நூறு ரூபா கூட வாங்கு. ரெண்டு வருசத்துல அடைஞ்சிடும்."

நைனாவுக்கு மூச்சு வாங்கியது. "கடனா? பதினோரு வருசமா பைசா பாக்கி இல்லாம கீது இந்த சங்கம். கடன் வாங்கி சொவுரு கட்னா அது சொவுரா?"

"கெவுருமெண்டே கடன் வாங்கிதான் பாலம் கட்டுது. நீ அந்தப் பாலத்துல போவல?"

"கெவுருமெண்டு நோட்டு அடிக்கும். நீ அடிப்பியா? போலீஸ்காரன் இட்டுகினு போயிடுவான். வரவுக்குள்ள செலவு பண்ணணும். அதான் மரியாதி."

"மூணாவது மாடில குந்திகினு கீறவனுக்கு பைசா கொறஞ்சா மட்டும்தான் தெரியும் நைனா. தண்ணி ஏறனா தெரியாது."

 நைனா ஓட்டுக்கு விட்டார். வீட்டுக்கு ஒரு ஓட்டு. கன்னியம்மாவுக்கு ஏழு, நைனாவுக்கு ஒன்பது. மாடி வீடுகள் பலவற்றுக்கு மாதம் நூறு ரூபாய் கண்ணை மறைத்தது. என் வீடு இரண்டாவது மாடி. நானும் நைனா பக்கம்தான் கையைத் தூக்கினேன். அதை மினிட்ஸில் என் கையாலேயே எழுதினேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகையில் கழிவுநீர் லாரி வாடகையை ஏற்றிவிட்டார்கள். அதற்காக நடு வருஷத்தில் ஒரு துணை பட்ஜெட் போட வேண்டியதாயிற்று. பட்ஜெட் என்றால் சின்னது பெரியது கிடையாது. கேசரி வந்தது. நைனா பைலோடும் தலையணையோடும் உள்ளே போனார். வானம் கறுத்திருந்தது. "மழை வர்ற மாதிரி கீதே நைனா, நாளைக்கு வச்சிக்கலாமா?" என்றேன். "மழைக்கும் நிதிக்கும் இன்னா சம்மந்தம் செக்ரட்ரிமா? பூட்டு" என்றார். பூட்டினேன். மறுநாள் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டேன்.

இதற்கு மேல் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னதைக் கூட்டிக் கழித்து எழுதுகிறேன்.

பத்து மணிக்கெல்லாம் மழை ஊற்றித் தள்ளியது. பதினொன்றுக்குத் தரைத்தளத்தில் தண்ணீர். ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து மெயினை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "சாவி எங்க செக்ரட்ரிமா?" என் பையில், பாரிமுனையில். பஸ் நின்றுவிட்டது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

மோட்டார் ரூமில் நைனா மேஜை மேல் ஏறி, மடியில் பைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா தண்ணீரில் நின்றபடி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கையில் குழவிக்கல்.

"பூட்ட ஒடைச்சிடறேன் நைனா, வெளிய வந்துடு."

"தொடாத! முன்னூத்தம்பது ரூபா பூட்டு அது. எந்தக் கணக்குல எய்துவேன்? பூட்டுக்கு ஒதுக்கீடே இல்ல."

"யோவ், தண்ணி மேஜைக்கு வந்துகினு கீது!" இது ஸ்டெல்லா அக்கா.

"வந்தா வரட்டும். ரகசியம் வெளிய போவக்கூடாது."

"லாரிக்காரன் வாடக ஏத்துனது ஊருக்கே தெரியும். இதுல இன்னாய்யா ரகசியம்?"

நைனா பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கன்னியம்மா, "எப்டியோ போ. எனக்கு என் வூட்டுக்காரர தூக்கணும்" என்று போய்விட்டார்.

அன்றைக்கு வேலை நாள். ஆண்கள் எல்லாம் வெளியே போயிருந்தார்கள். இருந்தது கன்னியம்மா, ஸ்டெல்லா அக்கா, முதல் மாடியில் தையல் மெஷின் வைத்திருக்கும் டெய்லர் பாய். கட்டிலுக்கு நாலு கால், ஆள் மூன்று. கன்னியம்மா தலைப்பக்கம் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முற்றத்துத் தண்ணீரில் நாலு அடி வைத்ததும் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. முனுசாமியின் வராத கை தண்ணீருக்குள் விழுந்தது. அவரால் அதை எடுத்து மேலே வைத்துக்கொள்ள முடியவில்லை.

நைனா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் தண்ணீர் வருகிற நாளில் அவர் கீழே இருந்தது அதுதான் முதல் தடவை.

"ஒடைங்க! பூட்ட ஒடைங்க!" என்று கத்தினார். "நாலாவது ஆளு நான் கீறேன்! ஒடை கன்னியம்மா!"

கட்டிலை வாசல் படியில் சாய்த்துவிட்டு ஓடி வந்த கன்னியம்மா ஒரே அடிதான் அடித்தார். அத்தனை வருஷத்துக் கருவாட்டு வரியும் அந்த ஒரு அடியில் இறங்கியது. பூட்டு தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. நைனா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நாலாவது காலைப் பிடித்தார். பைல் மேஜையிலேயே கிடந்தது.

படி ஏறும்போது முனுசாமி வாயைக் கோணிக்கொண்டு மெதுவாகக் கேட்டாராம். "நைனா... என்ன தூக்கினு போறதுக்கு... எவ்ளோ வரி?"

டெய்லர் பாய் சிரித்த சிரிப்பில் கட்டிலே இன்னொரு முறை சாய்ந்தது. நைனா சிரிக்கவில்லை. முதல் மாடி நடை வந்ததும் மற்றவர்கள் வழக்கம்போல் இறக்கப் பார்த்தார்கள். "எறக்காத. மேல போ" என்றார். இரண்டாவது மாடியிலும் அதையே சொன்னார். மூன்றாவது மாடியில் தன் வீட்டுக்குள் கொண்டுபோய், டிவிக்கு எதிரில் கட்டிலைப் போட வைத்தார். நான் மூன்று மணிக்கு இடுப்பு வரை நனைந்து, கையில் சாவியோடு போய்ச் சேர்ந்தபோது, அவர் ஒரு துண்டால் முனுசாமியின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். முற்றத்தில் சேறு என்பதால் எல்லோரும் மாடிப்படிகளில் உட்கார்ந்தோம். நைனா வெள்ளைச் சட்டையோடு வந்தார். பைல் நனைந்து உப்பிப் போயிருந்தது. அதைத் திறக்காமலே பேசினார்.

"ஹார்பர்ல முனுசாமி தூக்குன மூட்டைய எண்ணி நான் கோடு போட்டுகினு இருந்தேன். முப்பது வருசம். ஒரு மூட்ட கூட நான் தூக்குனதில்ல. கனம் இன்னான்னு அன்னிக்குதான் தெரிஞ்சிது." உப்பிய பைலை ஒருமுறை தடவினார். "இந்த வருச பட்ஜெட்டுல பற்றாக்குறை... முப்பத்து நாலாயிரத்து முன்னூத்தம்பது. அந்த முன்னூத்தம்பது பூட்டுக்கு. அது என் கைக்காசு. மீதி கடன்."

அந்தக் கடைசிச் சொல் அவர் வாயில் இருந்து வருவதற்குள் எங்களுக்கே வியர்த்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டுப் பாவத்தைச் சொல்வதுபோல் சொன்னார். யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினோம்.

"நிறுத்துங்க!" என்று அதட்டினார். "கடனுக்கு யாரானா கை தட்டுவாங்களா? பேஜாரு புடிச்ச ஜனங்க!"

மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், "எங்க வூட்டுக்கு தண்ணி வர்லியே, நாங்க ஏன் நூறு ரூபா கட்டணும்?" என்று கேட்டார். போன கூட்டத்தில் நைனா பக்கம் முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

"நீ மூணாவது மாடிக்கு பறந்தா போற? கீய இருக்கற படில கால் வச்சிதானே ஏர்ற? கட்டு."

அடுத்து நைனா கன்னியம்மா பக்கம் திரும்பினார். கையைக் கட்டிக்கொண்டு, "உங்க குரூப்புல லோன் வேணும்" என்றார். கன்னியம்மா அந்த நிமிஷத்துக்காகவே பிறந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடுக்கலாம். ஆனா சும்மா குடுக்க முடியாது. கண்டிசன் கீது."

"இன்னா கண்டிசன்?"

"கருவாட்டு வரி போவணும்."

ஏழை நாடுகளுக்குக் கடன் கொடுக்கிறவர்கள் இப்படித்தான் காதைத் திருகுவார்கள் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். நைனா வானத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். ஸ்டெல்லா அக்கா, "வடாத்துக்கும் சேத்து" என்றார்.

"ரத்து," என்றார் நைனா. "எய்திக்கோ செக்ரட்ரிமா."

பத்து நாளில் சுவர் எழுந்தது. மோட்டார் வந்தது. மோட்டாருக்கு மாலை போட்டுக் கன்னியம்மா கற்பூரம் ஏற்ற, நைனா சிலுவை போட்டுக்கொண்டார். மறு வருஷம் மழை குறைவில்லாமல் பெய்தது. தெருவில் தண்ணீர் நின்றது; எங்கள் மோட்டார் ராத்திரி பகலாகக் கத்தி, வந்ததையெல்லாம் வெளியே தள்ளியது. முனுசாமி தன் வீட்டில், தன் கட்டிலில், போர்த்திக்கொண்டு தூங்கினார். அந்த மழை நாட்களில் நைனா மணிக்கு ஒருமுறை இறங்கி வந்து, அந்த வீட்டுத் தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு மேலே போனார்.

கடன் ஒரு தவணை தவறாமல் இரண்டு வருஷத்தில் அடைந்தது. போன மாதம் அதற்காகப் பொதுக்கூட்டம். பழையபடி பைசா பாக்கியில்லாத சங்கமாகிவிட்டோம், இனி வரிகள் திரும்பி வந்துவிடும் என்று கருவாடும் வடாமும் காயப் போடுகிறவர்கள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். நைனா எழுந்தார்.

"கடன் அடைஞ்சிட்ச்சு. இன்னொன்னு வாங்கலாம்னு கீறேன்."

எதற்கு என்று அவரே சொன்னார். முனுசாமி வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறது. அதை இடித்துவிட்டுச் சரிவாகச் சிமெண்ட் போட்டு, ஒரு சக்கர நாற்காலியும் வாங்கினால், தினம் சாயங்காலம் அவரை வெளியே கொண்டுவந்து உட்கார வைக்கலாம். மொத்தம் இருபத்து இரண்டாயிரம்.

எதிர்த்து எழுந்தது யார் தெரியுமா? கன்னியம்மா.

"வாணாம் நைனா. இப்பதான் ஒரு கடன் தீந்துச்சு. கைல துட்டு சேரட்டும், அப்பால பாத்துக்கலாம். வரவு இல்லாம செலவு பண்ணக்கூடாது. அவரு இன்னா, எங்கனா ஓடியா போயிடப் போறாரு?"

"ஓடமாட்டான்னுதான் சொல்றேன்," என்றார் நைனா. "நாமதான் இட்டுகினு வரணும். துட்டு சேர்ற வரிக்கும் அவன் கூரையப் பாத்துகினே கெடக்கணுமா?"

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் குரல் அடங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஓட்டுக்கு விட்டபோது பதினாறு கையும் உயர்ந்தது. இந்த முறை என் கை முதலிலேயே போய்விட்டது.

இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு முற்றத்தில் சக்கர நாற்காலி வந்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நைனா அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறார். டெல்லியின் பற்றாக்குறையை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த எண் வந்தால் குரல் தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கிறது. முனுசாமி கோணல் வாயோடு சிரிக்கிறார்.

செயலாளர் என்ற முறையில் நான் மினிட்ஸில், 'கடன் வாங்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பட்ஜெட் நைனாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதையெல்லாம் மினிட்ஸில் எழுதுகிற வழக்கமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.